பூரணி ஸ்டூடியோ

அட்டன்,
11.08.1957

அன்பு அக்காவுக்கு,

தம்பி சின்னராசா வணங்கி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் மச்சானும் பிள்ளைகள் இருவரும் சுகந்தானே? இந்த மழைக்கு லயத்து வீட்டுக் கூரை தாங்குகிறதா? போன தடவை வந்தபோது மூலையில் ஒழுகியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மேலே அட்டன் என்று போட்டிருப்பதைப் பார்த்து யோசிப்பீர்கள். கண்டி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு வரவில்லை. முதலாளியே, "இனி நீ தனியாகச் செய்யலாம், போய்ப் பிழைத்துக்கொள்" என்று சொல்லிப் பழைய கமெரா ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். இங்கே ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் ரோட்டில், பியதாச என்கிற சிங்களத் தையற்காரரின் கடைக்கு மேலே மாடி எடுத்திருக்கிறேன். முன்னே அரிசி மூட்டை அடுக்கியிருந்த இடம். வெயில் நேரே விழாத பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது, முகங்களுக்கு அந்த வெளிச்சம் போதும். பின்னால் ஜன்னலே இல்லாத அறை ஒன்று. வேறு எவருக்கும் உதவாது, படம் கழுவ எனக்கு அதுதான் வேண்டும். தை மாதம் திறக்கலாம் என்று இருக்கிறேன். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற சனம் அப்போது இந்த ரோட்டால்தான் போகும்.

ஒன்று மட்டும் பாக்கி. கடைக்குப் பெயர் வைக்க வேண்டும். நான் முடிவு செய்துவிட்டேன், ஆனாலும் உங்கள் வாயால் சரி என்று கேட்க வேண்டும். பூரணி ஸ்டூடியோ. நன்றாக இருக்கிறதா?

பன்னிரண்டு வயதில் என் பேரைத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் பதியச் சொல்லி மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா கூப்பிட்டபோது, நீங்கள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னால் நின்று, "அவன் படிக்கட்டுங்க, அவன் பங்குக்கும் நானே கொழுந்து எடுக்கிறேன்" என்று சொன்னீர்கள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அதைச் சொல்ல உங்களைத் தவிர யார் இருந்தார்கள்? அந்தப் பெயரைப் பலகையில் எழுதாமல் வேறு எதை எழுதுவேன்?

பதிலை உடனே போடுங்கள். மச்சானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

உங்கள் தம்பி,
சின்னராசா


இறம்பொடை,
29.08.1957

அன்பான தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நாங்க எல்லாரும் இருக்கோம். சின்னவனுக்குச் சளி, பெரியவ பள்ளிக்கூடம் போறா. மச்சானுக்கு முழங்கால் வலி, இந்தக் குளிருக்கு யாருக்குத்தான் இல்ல. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? கடை கடைன்னு வயித்தக் காயப்போடாதே.

உன் காயிதம் வந்த அன்னிக்கு நான் மலையில இருந்து வர இருட்டிப்போச்சு. பெரியவதான் வாசிச்சுக் காட்டினா. ரெண்டாந்தரம் நானே எடுத்து வாசிச்சேன். சந்தோசமா இருந்துச்சு தம்பி. லயத்துல அடுத்த காம்பராவுல குடியிருக்கிற மீனம்மாவக் கூப்பிட்டு, என் தம்பி கடை போடுறான்னு சொன்னேன்.

ஆனா என் பேர வைக்க வேணாம். கொழுந்து எடுக்கிறவ பேரு டவுன் கடைக்கு எதுக்கு? எவ்வளவோ நல்ல பேரு இருக்கு. லெட்சுமி ஸ்டூடியோன்னு வை. இல்லாட்டி முருகன் பேர வை. விளக்குன்னு ஆரம்பிக்கிற மாதிரி ஏதாச்சும் வச்சாலும் நல்லதுதான், வெளிச்சத்த வச்சுத்தானே உன் தொழிலு.

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பாஸ்போட்டுக்குன்னு சின்னதா எடுப்பாங்களே ஒரு படம், அதுல தலை மட்டுந்தான் வருமா? புள்ளைங்களையும் தாயோட சேத்து எடுக்கலாமா, இல்ல தனித்தனியா எடுக்கணுமா? மீனம்மா கேட்டா, அதான் எழுதுறேன்.

மழையில நனையாதே. பதில் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா


அட்டன்,
15.09.1957

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். சின்னவனின் சளி விட்டதா? மச்சானின் காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

மீனம்மா கேட்டதற்குப் பதில்: பாஸ்போட் படத்தில் தலையும் தோளும் வரும். பின்னால் வெள்ளைத் துணி. இரண்டு காதும் தெரிய வேண்டும், முக்காடு கூடாது. சின்னப் பிள்ளைகள் என்றால் தாயை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் நிறுத்தி ஒரே படமாக எடுக்கலாம். என் கடை திறக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள், நானே எடுத்துக் கொடுக்கிறேன். எங்கே போகிறார்களாம்?

லெட்சுமி, முருகன் எல்லாம் ரோடு நீளம் இருக்கிறது அக்கா. சாப்பாட்டுக் கடை லெட்சுமி, துணிக்கடை லெட்சுமி. வீட்டுச் சொந்தக்காரர் றோயல் என்று வைக்கச் சொல்கிறார். இங்கிலீஷ் பேர் என்றால்தான் துரைமார் வீட்டு ஆட்களும் வருவார்களாம். எனக்கு மனமில்லை. நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பலகை எழுத டிக்கோயாவிலிருந்து கஸ்பர் என்று ஒருவர் வருகிறார். படத்துக்குப் பின்னால் தொங்கவிடும் திரையையும் அவர்தான் வரைகிறார். மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் கேட்டேன், அருவி ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டார். அவருடைய தங்கை றோசலின் படங்களுக்குச் சாயம் பூசுவதில் கெட்டிக்காரி. கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலைக் கரைக்கும் உதட்டுக்கும் மெல்லியதாகக் கலர் வைத்தால் ஆள் எழுந்து வருவதுபோல் இருக்கும். அவள் கை நடுங்காது. அவளைப் பற்றி உங்களிடம் நேரில் பேச வேண்டும். நேரில் பேச வேண்டும் என்று எழுதினாலே உங்களுக்கு விளங்கிவிடும்.

கண்டியில் இருந்த காலமெல்லாம் ஊரார் முகங்களைக் கழுவிக் காயப்போட்டேன். உங்கள் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. முதலாளியின் கமெராவை வெளியே கொண்டுவர முடியாது, நீங்களும் கண்டிப் பக்கம் வந்ததில்லை. இந்தக் கடையில் முதலில் உட்காரப்போவது நீங்கள்தான்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

சின்னராசா


இறம்பொடை,
20.10.1957

அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதிக்கிறது. எல்லாரும் இருக்கோம். பதில் போடச் சுணங்கிப்போச்சு. தீவாளிக்கு முந்தி கொழுந்து அதிகம், வந்து படுத்தா எழும்ப முடியல. நீ எப்படி இருக்க?

றோசலின் நல்ல பேரு. அந்தப் புள்ளைக்குத் தாய் தகப்பன் இருக்காங்களா? சோறு என்ன, உறைப்புச் சாப்பிடுமா? உன்னையப் பாத்துக்குமா? நான் வேற ஒண்ணும் கேக்கல.

கடைப் பேரப் பத்தி இனி எழுதாதே தம்பி. என் பேரு வேணாம். ஏன்னும் கேக்காதே. நான் சொன்னா நீ கேப்பன்னு எனக்குத் தெரியும்.

மீனம்மாகிட்ட நீ சொன்னதச் சொல்லிட்டேன்.

உடம்பப் பாத்துக்க.

அக்கா


அட்டன்,
24.11.1957

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

ஒரு மாதமாக உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். முதல் கடிதத்தில் வேண்டாம் என்றது கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். றோசலினைப் பற்றி எழுதிய பிறகு, ஏன் என்றுகூடக் கேட்காதே என்கிறீர்கள். எனக்கு இப்போது விளங்குகிறது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் ஏறி இறங்கும் கடையில் உங்கள் பெயர் தொங்கக் கூடாது, அவ்வளவுதானே? அதை நேராகவே எழுதியிருக்கலாம். உறைப்புச் சாப்பிடுமா என்று கேட்டிருக்க வேண்டாம்.

நீங்கள் இப்படி நினைப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

கடைக்கு றோயல் ஸ்டூடியோ என்று வைத்தாயிற்று. கஸ்பர் எழுதத் தொடங்கிவிட்டார். மேலே சிங்களம், நடுவில் பெரிதாகத் தமிழ், கீழே இங்கிலீஷ். பொங்கல் கழிந்த முதல் வியாழக்கிழமை திறப்பு. மனம் இருந்தால் மச்சானோடும் பிள்ளைகளோடும் வாருங்கள். முதல் படத்துக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பேன்.

சின்னராசா


இறம்பொடை,
10.02.1958

தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். சுகம்.

திறப்புக்கு வர முடியல. சின்னவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல்.

றோயல் நல்ல பேரு. நல்லா வரணும்னு இங்க கோயில்ல சூடம் கொளுத்தினேன். றோசலினக் கேட்டதாச் சொல்லு.

அக்கா


அட்டன்,
27.04.1958

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னராசா வணக்கம் சொல்லி எழுதுவது. நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன். அங்கே உங்கள் பக்கம் அமைதியாக இருக்கிறதா? பிள்ளைகளைத் தனியே வெளியே விடாதீர்கள். இரண்டு மாதம் உங்களுக்கு எழுதாமல் இருந்தது என் பிழை. பிப்ரவரியில் வந்த உங்கள் கடிதத்தில் ஐந்து வரிதான் இருந்தது, அதை எண்ணிக்கொண்டு வீறாப்பாக இருந்துவிட்டேன்.

ஊரெல்லாம் பாஷைச் சண்டையில் பலகைகளில் தார் பூசுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓரிடத்தில் சிங்கள எழுத்தை அழிக்கிறார்கள், இன்னோரிடத்தில் தமிழ் எழுத்தை. போன வாரம் காலையில் கடை திறக்க வந்தால் என் பலகையில் நடுப்பகுதி கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே சிங்களமும் கீழே இங்கிலீஷும் அப்படியே இருக்கின்றன. தமிழ் மட்டும் இல்லை. நான் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தையற்காரர் பியதாச மாத்தயா கீழே கடையிலிருந்து மண்ணெண்ணெயும் கிழிசல் துணியும் கொண்டுவந்து, ஏணியில் ஏறித் துடைத்தார். தாரோடு எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் கை கறுத்துப்போனதுதான் மிச்சம்.

அன்று றோசலின் வந்திருந்தாள். நான் உங்களுக்கு நவம்பரில் எழுதியதை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அக்கா அப்படி நினைக்கிறவங்களா இருந்தா, எனக்குத் தாய் தகப்பன் இருக்காங்களான்னு கேட்டிருக்க மாட்டாங்க. வேற ஏதோ இருக்கு. நீங்க கேக்கத் தெரியாம கேட்டிருக்கீங்க" என்றாள்.

அக்கா, வேறு ஏதோ இருக்கிறதா? பழையபடி எனக்கு நீளமாக எழுதுங்கள். நிலைமை சரியானதும் நானே வருகிறேன்.

மச்சானை விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி சின்னராசா


இறம்பொடை,
20.07.1958

மாப்ள சின்னராசாவுக்கு,

உன் மச்சான் மாயாண்டி எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். நீயும் அந்தப் புள்ளையும் இந்தச் சிங்களம் தமிழ்க் கலவரத்துல தப்பி நல்லா இருக்கீங்கன்னு லாரிக்காரன் ஒருத்தன் சொல்லிக் கேட்டோம். அன்னைக்குத்தான் உன் அக்கா சோறு தின்னா.

நான் காயிதம் எழுதுற ஆளில்ல, உனக்குத் தெரியும். இத உன் அக்காவுக்குத் தெரியாம எழுதுறேன். சொல்லாதேன்னு சாமி மேல சத்தியம் வாங்கியிருக்கா. சாமி பொறுத்துக்கும்.

நாங்க இந்தியாவுக்குப் போறோம் மாப்ள. அடுத்த மாசம் இருபத்தி மூணாந்தேதி, சனிக்கிழமை, கம்பளையில ரயில் ஏறுறோம்.

உனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைச்சதே, அதுக்கு நாங்களும் எழுதிப் போட்டோம்ல. எங்களுக்கு இல்லைன்னுட்டாங்க. எங்கப்பா செத்தப்ப இந்தியாவுல ஊருக்குப் போயி நான் வர ஒரு வருசத்துக்கு மேல ஆயிருச்சாம், அதனால தொடர்ந்து இருந்ததாக் கணக்கில்லையாம். பொறந்தது இங்க, கல்யாணம் கட்டினது இங்க. ரெண்டு தரம் அரசாங்கக் கச்சேரிக்கு ஏறி எறங்கினேன். முடியல. அப்புறந்தான் இந்தியாவுக்கே எழுதிக் குடுத்தேன். துறையூர்ப் பக்கம் எங்க அண்ணன் இருக்காரு. நீ கடை போடுறேன்னு மொதக் காயிதம் போட்டியே, அதுக்கு ஒரு வாரத்துக்கு முந்திதான் கையெழுத்து வச்சோம்.

பாஸ்போட்டு படத்துக்கு உன்கிட்ட வரலாம்னு சொன்னேன். வேணாம்னுட்டா. நுவரெலியாவுல ஒரு கடையில எடுத்தோம். கல்லு மாதிரி ஒக்காந்திருந்தா. மொகத்தத் தூக்கும்மா, மொகத்தத் தூக்கும்மான்னு அந்த ஆளு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாரு. மீனம்மான்னு ஒரு பொம்பள இந்த லயத்துல உண்டு, ஆனா அவ ஒண்ணும் கேக்கல. கேட்டது உன் அக்காதான்.

நீ கடை தெறந்த வியாழக்கெழமை சின்னவனுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்டியில இந்திய ஆபீசு வாசல்ல வரிசையில நின்னோம். அந்த நாள விட்டா வேற நாள் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. இந்நேரம் வெளக்கு ஏத்தியிருப்பான்னு ரெண்டு தரம் சொன்னா.

நீ வருவியோ மாட்டியோ, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்னு எழுதினேன். கோபம் இருந்தா எம் மேல வச்சுக்க.

உன் மச்சான்,
மாயாண்டி


அட்டன்,
28.09.1958

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சின்னராசா எழுதுவது. கப்பலில் பிள்ளைகளுக்கு வாந்தி ஏதும் இருந்ததா? துறையூர் வந்து சேர்ந்தீர்களா? மச்சானின் அண்ணன் வீட்டில் இடம் போதுமா? அங்கே வெயில் கடுமை என்கிறார்கள், பிள்ளைகளுக்கு மோர் கொடுங்கள்.

நீங்கள் கண்ணால் பார்த்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ரயில் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மச்சானின் கடிதம் கிடைத்ததும் ஓடிவந்திருக்க வேண்டும். சனிக்கிழமைவரை பொறுத்தேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. கம்பளை ஸ்டேஷனில் அத்தனை கூட்டம், அத்தனை பெட்டிகள், அத்தனை அழுகை. அதற்குள் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் போய்விட்டது. என்னைக் கண்டதும் நீங்கள் மச்சானைத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அங்க போயி எழுதுறேன் தம்பி" என்றீர்கள். நவம்பரில் அப்படி எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள்.

கமெராவைக் கையில் எடுத்தபோது, "வேணாம்யா. இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?" என்று கையால் மறைத்தீர்கள். நான் கமெராவை மூடிவிட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டே பழகியவன். அன்று ஒரு நாள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ரயில் போனதும் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். உங்கள் பாஸ்போட் படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்தேன். நானும் இதே தொழில்தான், நெகட்டிவை மட்டும் கொடுங்கள், நான் கழுவிக்கொள்கிறேன் என்று கேட்டேன். நல்ல மனிதர். இரண்டு பெட்டிகளைக் கொட்டித் தேடினார். இந்த மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துப் பாதியை எரித்துவிட்டாராம். மிஞ்சிய பாதியில் நீங்கள் இல்லை. வேறு யார் யாரோ தாயும் பிள்ளைகளுமாக இருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நேரே பார்த்துக்கொண்டு.

கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். கஸ்பர் பலகையைத் திரும்ப எழுத வந்தார். தமிழ் எழுத்தை மறுபடி வைக்கவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். இன்னொரு முறை அதைத் துடைத்துப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. இப்போது சிங்களமும் இங்கிலீஷும்தான்.

எழுதுகிறேன் என்றீர்களே, எழுதுங்கள்.

தம்பி,
சின்னராசா


துறையூர்,
18.01.1959

அன்பான தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம் பண்ணி எழுதுறது. வந்து சேந்தோம். புள்ளைங்க இருக்குதுங்க. சின்னவனுக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கல, ஒடம்பெல்லாம் கொப்புளம், இப்பத்தான் ஆறுது. மச்சானுக்கு முழங்கால் வலி விட்டுப்போச்சு, வெயிலுக்கு அந்த ஒரு நன்மை. பொங்கல் வச்சோம். உனக்குன்னு ஒரு கை எடுத்து வச்சேன்.

எழுதுறேன்னு சொன்னத எழுத இவ்வளவு நாளாச்சு. எழுத ஒக்காந்தா அடுப்புல வேலை, அடுப்பு இல்லாட்டி காட்டுல வேலை. அது சாக்குத்தான்.

உன்கிட்ட ஏன் மறைச்சேன்னா, சொன்னா நீ கடைய விட்டுட்டு எங்க பின்னால வந்திருப்ப. உனக்கு அங்க இருக்கக் காயிதம் கிடைச்சிருக்கு. எத்தனை பேருக்குக் கிடைச்சிச்சு? கண்டியில அத்தனை வருசம் அடுத்தவன் கடையில நின்னு கத்துக்கிட்டத, எங்களால விட்டுட்டு வந்தேன்னு ஒரு நாள் சொல்லுவ. சொல்லாட்டியும் நெனைப்ப. அதான் கடை தெறந்து நெலையா ஒக்காரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் அப்புறம்னு தள்ளித் தள்ளி ஸ்டேசன் வரைக்கும் வந்திருச்சு.

பேரு வேணாம்னதும் அதுக்குத்தான். இந்தியாவுக்குப் போகக் கையெழுத்து வச்சு ஒரு வாரம் ஆகல, உன் காயிதம் வந்து நிக்குது பூரணி ஸ்டூடியோன்னு. போகப்போறவ பேர எப்படி வைக்கச் சொல்றது? வர்ற போறவங்க எல்லாம் பூரணி யாருன்னு கேப்பாங்க. எங்க அக்கா, இந்தியாவுக்குப் போயிட்டாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் நீ சொல்லிக்கிட்டே இருக்கணும். கடை தெறக்கும்போதெல்லாம் உனக்கு அது ஒரு சாவு வீடு மாதிரி ஆயிரும்னு நெனச்சேன்.

றோசலின நெனச்சு நான் ஒண்ணும் சொல்லல. நீ அப்படி எழுதினப்ப, இல்லன்னு பதில் போடலாம்னு எடுத்தேன். இல்லன்னு எழுதினா, பின்ன எதுக்குன்னு நீ கேப்ப. அப்புறம் எல்லாத்தையும் சொல்ல வேண்டி வரும். கோபத்தோடயே இருக்கட்டும், கோபம் இருந்தா பிரியிறது லேசுன்னு இருந்துட்டேன். அது லேசாவும் இல்ல.

அந்தப் புள்ளைய எப்பக் கட்டப்போற? எனக்கு எழுது.

அக்கா


அட்டன்,
07.06.1959

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னராசாவும் றோசலினும் வணக்கம் சொல்லி எழுதுவது. சின்னவனின் கொப்புளம் முழுதாக ஆறியதா? வேப்பிலை அரைத்துப் போடச் சொல்லி றோசலின் சொல்கிறாள்.

போன மாதம் எங்களுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. கஸ்பரும் பியதாச மாத்தயாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் யார் என்று பதிவு செய்த ஐயா கேட்டார். றோசலினே முந்திக்கொண்டு, "அக்கா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொன்னாள். போய்விட்டு நாளைக்கு வருகிற மாதிரி.

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான், நான் பின்னால் வந்திருப்பேன். ஆனால் பேர் விஷயத்தில் நீங்கள் பயந்தது வேறு மாதிரி நடந்துவிட்டது.

றோயல் என்று யாரும் சொல்வதில்லை. பலகையில் இருக்கிற சிங்களமும் இங்கிலீஷும் தோட்டத்துச் சனத்துக்கு வாசிக்கத் தெரியாது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாஸ்போட் படத்துக்குத்தான் வருகிறார்கள். டிக்கோயா, நோர்வூட், பொல்பிட்டியப் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கஸ்பர் வரைந்த மாளிகையும் அருவியும் சுருட்டியபடி மூலையில் கிடக்கின்றன. வெள்ளைத் துணிதான் எப்போதும் தொங்குகிறது. சாயம் பூசவும் றோசலினுக்கு வேலை இல்லை, பாஸ்போட்டுக்குக் கலர் கூடாது. இப்போது என் கடைக்கு ஊர் வைத்திருக்கிற பேர், பாஸ்போட்டுக் கடை. பஸ்ஸில் இறங்கி அப்படித்தான் கேட்டு வருகிறார்கள். என்னையும் பாஸ்போட்டுத் தம்பி என்கிறார்கள்.

தாயை நடுவில் உட்காரவைத்துப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்துகிறேன். முகத்தைத் தூக்குங்கள் என்று சொல்ல வாய் வருவதில்லை. அவர்களாகத் தூக்கும்வரை பொறுத்திருக்கிறேன். அதனால் இந்தக் கடையில் நேரம் பிடிக்கும் என்று ஒரு பேச்சும் இருக்கிறது.

துறையூரில் ஸ்டூடியோ இருக்குமே. ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா. எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் அன்பு.

தம்பி


துறையூர்,
20.09.1959

அன்பான தம்பிக்கும் மருமகளாட்டம் இருக்கிற றோசலினுக்கும்,

அக்கா ஆசீர்வாதம். ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கணும். இங்க எல்லாருக்கும் சுகம், சின்னவனுக்குக் கொப்புளம் போயிருச்சு. றோசலின் சொன்ன வேப்பிலைதான் கேட்டுச்சு, அவகிட்டச் சொல்லு. கல்யாணச் சேதிய வாசிச்சிட்டு மச்சான் ஓடிப்போயி மிட்டாய் வாங்கியாந்து தெருவெல்லாம் குடுத்தாரு. தெருவுல யாருக்கும் நீ யாருன்னு தெரியாது, இருந்தாலும் வாங்கித் தின்னாங்க.

படம் எடுக்க துறையூர் டவுனுக்குப் போகணும். போகலாம் போகலாம்னு நாள் போகுது. அறுப்பு முடியட்டும்.

கடைய ஜனங்க பாஸ்போட்டுக் கடைன்னு கூப்பிடுறாங்கன்னு எழுதியிருந்த. அத வாசிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு வேலை ஓடல. இங்க எனக்கும் வேற பேருதான் தம்பி. சிலோன்காரி. சிலோன்காரியக் கூப்பிடு, சிலோன்காரி வந்துட்டாளா, சிலோன்காரி வீட்டுல கேளு. பொல்லாப்பா ஒண்ணும் சொல்லல, அவங்க பழக்கம். மச்சான் எப்பவுமே பெரியவ பேரச் சொல்லி அவ ஆத்தான்னுதான் கூப்பிடுவாரு. புள்ளைங்களுக்கு அம்மா. உனக்கு அக்கா. லயத்துல இருந்தப்ப மீனம்மா இருந்தா, கூட கொழுந்து எடுத்தவங்க இருந்தாங்க, விடிஞ்சா பூரணி பூரணின்னு பத்துத் தரம் கேக்கும். இங்க கூப்பிட ஆளில்ல.

போன வாரம் சந்தைக்குப் போனேன். கூட்டத்துல ஒரு பொம்பள, "ஏ பூரணி"ன்னு சத்தமாக் கூப்பிட்டா. நான் கூடைய எறக்கி வச்சிட்டுத் திரும்பி, "என்னங்க?"ன்னு கேட்டுட்டேன். அவ தன் மகளக் கூப்பிட்டிருக்கா. நாலு வயசுப் புள்ள, பஞ்சு மிட்டாய்க் கடைகிட்ட நின்னுச்சு. அந்தப் பொம்பள என்னையப் பாத்துச் சிரிச்சா, நானும் சிரிச்சிட்டேன். கூடையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

வர்ற வழியில நெனச்சேன். அட்டன் ரோட்டுல, ஒரு தையக் கடைக்கு மேல, ஒரு பலகையில அந்தப் பேரு இருந்திருந்தா, பஸ்ஸுல போறவங்க நாலு பேராவது வாய் விட்டு வாசிச்சிட்டுப் போயிருப்பாங்க. பூரணி யாருன்னு கேட்டிருப்பாங்க. நீயும் சொல்லியிருப்ப. சொன்னா உனக்குக் கஷ்டம்னு நான் நெனச்சேன். கேக்கிறதுக்கு யாராச்சும் இருக்கணும்னு அப்ப எனக்குத் தோணல. நீ ஆசையா ரெண்டு தரம் கேட்ட. நான்தான் வேணாம்னேன்.

இப்ப மாத்த வேணாம் தம்பி. ஜனங்க ஒரு பேர வச்சுப் பழகிட்டாங்க, வழி கேட்டு வர்றவங்க தடுமாறிப் போவாங்க. போறதுக்கு வர்றவங்கள அலைய விடாதே.

றோசலினப் பாத்துக்க. ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுங்க.

உன் அக்கா,
பூரணி